பத்தாவது இடம்

பனி பதினொன்றுக்கு வரும் என்றார்கள்.
மணி ஒன்றேகால்.
டுலூத் நகராட்சி ஷெட்டில்
ஆறு லாரிகள், உப்பு ஏற்றியபடி,
மூக்கில் இரும்பு மண்வாரியோடு நிற்கின்றன.
உப்புக் கிடங்கின் கதவில்
லோர்னா சாக்பீஸால் எண் போட்டிருக்கிறாள்.
ஒன்றிலிருந்து பத்து.
கதவில் இடம் இருக்கிறது, ஆனாலும் பத்துதான்.

முதல் மூன்றுக்குச் சண்டை இல்லை.
பீட்டில்ஸ், ஸெப்பெலின், ஸ்டோன்ஸ்.
வீட்டு வரி மாதிரி, முனகாமல் கட்டிவிட்டோம்.

நாலில் பிடித்தது வம்பு.
பிங்க் ஃபிளாய்ட் என்றான் ஆர்விட்.
"படுத்துக்கொண்டு கேட்கிறதெல்லாம் ராக்கா?"
இது போல்யூ. அவனுக்கு கிட்டார் என்றால்
போலீஸ் துரத்துகிற மாதிரி ஓட வேண்டும்.
ஆர்விட்டுக்கோ
ஏரி நடுவில் படகு எஞ்சின் நின்றதும்
ஒன்று வந்து உட்காருமே, அது வேண்டும்,
வந்து சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆனாலும்.
எழுதினார்கள், அழித்தார்கள், எழுதினார்கள்.
நாலாம் எண்ணுக்குப் பக்கத்தில்
கதவுக்கு வெள்ளையடித்த மாதிரி ஆயிற்று.

பிறகு ஹாலிஸ் ஒரு கேள்வி போட்டான்:
பாடகன் போய், டிரம்மர் செத்து,
பெயர் மட்டும் மிஞ்சிய கூட்டம்
அதே கூட்டமா?
யாரும் பேசவில்லை. அவனே கையைக் காட்டினான்,
பதினாலாம் நம்பர் லாரியை.
எஞ்சின் மூன்று தடவை மாற்றியது.
கேபின் வேறொரு லாரியுடையது.
"இன்னும் இடப்பக்கம் இழுக்கிறதா?"
இழுக்கிறது என்றேன். நான்தான் மெக்கானிக்.
"அப்போது அது பதினாலுதான்."

"ஒரு பெண் இல்லை இந்தக் கதவில்" என்றாள் லோர்னா.
யாரோ தொண்டையைச் செருமினார்கள்.
ஏழில் ஹார்ட் என்று எழுதினாள், எட்டில் ஃப்ளீட்வுட் மேக்.
ஓட்டெடுப்பு கிடையாது.
சாக்பீஸ் அவள் கையில் இருந்தது.

கடைசியில் மிஞ்சியது பத்து.
அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.
என் இடது காது செவிடு.
எழுபத்தேழில், எனக்குப் பதினேழு,
செயின்ட் பாலில் ஸ்பீக்கருக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன்.
காதையே தின்ற குழுவுக்கு
இந்தக் கதவில் இடமில்லையா?

"யார் அது?" நாலு பேரும் ஒரே குரலில்.

சொல்ல வேண்டியதாயிற்று.
பெரியவர்கள் வருமுன் மேடையை நிரப்ப
யாரோ நாலு பையன்களை ஏற்றியிருந்தார்கள்.
பெயர் சொன்னபோது நான் பீர் வரிசையில் இருந்தேன்.
அவர்கள் இறங்கியபோது என் காதும் இறங்கிவிட்டது.
டிக்கெட் வாங்கியது யாருக்காகவோ
அவர்களைப் பாதிதான் கேட்டேன்.

போல்யூ சிரிக்கப் போனான், சிரிக்கவில்லை.
"ஆனால் அது இன்னும் நிற்கவில்லை" என்றேன்,
"கடைசியாக அடித்த அந்த ஒற்றைச் சுரம்.
முப்பத்தெட்டு வருஷமாக உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது.
இந்தப் பட்டியலில் வேறு யார்
இத்தனை நேரம் வாசித்திருக்கிறார்கள்?"

வயர்லெஸ் கரகரத்தது.
மெசாபா சரிவில் பஸ் குறுக்கே நிற்கிறதாம்.
ஒரு நிமிடத்தில் ஷெட் காலி.
திறந்த கதவு வழியே
பனி, கேட்காமலே உள்ளே வந்தது.

லோர்னா மைக்கில் தெருப் பெயர்களைப் பிரித்துக் கொடுத்தாள்.
நடுவே ஆர்விட்டின் குரல், கரகரப்பில்:
"நாலை யாரும் தொடக்கூடாது."
பதினாலு இடப்பக்கம் இழுத்துக்கொண்டே
மேட்டில் ஏறுவதை விளக்கில் பார்த்தேன்.

"எந்தச் சுரம்?" என்றாள், மைக்கை மூடிவிட்டு.
முனகிக் காட்டினேன்.
தலையைச் சாய்த்துக் கேட்டாள்,
கணக்குச் சரிபார்க்கிறவள் மாதிரி.
இன்னொரு தடவை என்றாள். முனகினேன்.

"சுருதி சேரவில்லை" என்றாள்.
எழுந்து போய்
பத்தில் கிரீடன்ஸ் என்று எழுதினாள்.